மாசியில் ஊர்ப்பக்கம்

நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்தே நிலைமை இதுதான். ஆகவே பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் ஊர்களில் பூர்வீக வீடு உள்ளவர்கள் அதை லேசில் விடுவதில்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஷிப்ட் வேலையில் ஞாயிறு எல்லோருக்கும் வாய்க்காது. வார ஓய்வும் பள்ளி விடுமுறையும் பொருந்தினால்தான் குடும்பமாகக் கிளம்ப முடியும். அதற்கு மாசி தோதான மாதம். பின்பனிக் காலம் என்பதால் விடியலில் குளிரும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

அதற்குள் தோப்பு வேலை முடிய வேண்டும். முந்திரி அப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கும். பழுத்துத் தானாக உதிரும் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பது வழக்கம். சருகுக்குள் விழுந்தால் கொட்டை கண்ணில் படாது. ஆகவே மரத்தடியை முன்கூட்டியே கூட்டிப் பெருக்கி வைப்பார்கள். பலாவில் அடிமரத்திலேயே பிஞ்சுகள் நெருங்கித் தொங்கும். சிலவற்றைப் பறித்தால்தான் மற்றவை பருக்கும். பறித்த பிஞ்சு மதியப் பொரியலாகிவிடும்.

மாசி மகம் கூடவே வந்தால் விருத்தாசலம் மணிமுத்தாற்றில் நீராடி, விருத்தகிரீசுவரரைக் கும்பிட்டுத் திரும்புவோரும் உண்டு.