பயன்படாச் செயற்கூறு நீக்கம்

பயன்படாச் செயற்கூறு நீக்கம் என்பது, ஒரு நிரலின் பகுதிகள் ஒன்றாக இணைக்கப்படும்போது, எங்கிருந்தும் சுட்டப்படாத செயற்கூறுகளையும் தரவுகளையும் இறுதிக் கோப்பில் சேர்க்காது விடும் முறையாகும். இதனை லிங்கர் எனப்படும் இணைப்பி செய்கின்றது. நினைவகம் குறைந்த நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதுவோருக்கு இம்முறை பெரிதும் உதவுகின்றது.

பின்னணி

சி, சி++ ஆகிய மொழிகளில் ஒவ்வொரு மூலக் கோப்பும் தனித்தனியே தொகுக்கப்பட்டு, ஓர் இடைநிலைக் கோப்பாக மாற்றப்படுகின்றது. தொகுப்பி ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே காண்பதால், அதிலுள்ள பொதுச் செயற்கூறை வேறொரு கோப்பு அழைக்குமா என்பதை அறிய இயலாது. எல்லாக் கோப்புகளையும் ஒருசேரக் காண்பது இணைப்பியே. எனினும், வழமையான இணைப்பில் ஒரு செயற்கூறு மட்டும் தேவைப்பட்டாலும், அது அடங்கிய இடைநிலைக் கோப்பு முழுவதும் சேர்க்கப்படும். இதனைத் தவிர்க்க, நூலகம் எழுதுவோர் பலர் ஒவ்வொரு செயற்கூறையும் தனிக் கோப்பில் எழுதும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர்.

செயற்படும் முறை

குனூ கருவிகளில் இது இரு படிகளில் நிகழ்கின்றது.

1. தொகுப்பிக்கு 'பங்சன்-செக்சன்ஸ்', 'டேட்டா-செக்சன்ஸ்' ஆகிய தெரிவுகள் தரப்படும். அதனால் ஒவ்வொரு செயற்கூறும் தரவும் தனிப் பிரிவில் வைக்கப்படும்.
2. இணைப்பிக்கு 'ஜிசி-செக்சன்ஸ்' என்னும் தெரிவு தரப்படும். இணைப்பி, நிரலின் தொடக்கப் புள்ளியிலிருந்து சுட்டுகளைப் பின்தொடர்ந்து, எட்டப்படும் பிரிவுகளைக் குறித்துக்கொள்ளும். குறிக்கப்படாதவை விடப்படும்.

எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மானாவாரி வேளாண்மை நடைபெறும் வறண்ட நிலப்பகுதிகள் ஆகும். இங்குள்ள வயலொன்றில் மண்ணின் ஈரப்பதத்தை அளக்க, ஆர்டுயினோ யூனோ பலகையால் ஒரு கருவி அமைப்பதாகக் கொள்வோம். இப்பலகையின் நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கான நினைவகம் 32,768 பைட்டுகள். தொடக்க ஏற்றிக்கு 512 பைட்டுகள் போக, 32,256 பைட்டுகளே எஞ்சும். உணரி நூலகம் பலவகை உணரிகளுக்கான செயற்கூறுகளைக் கொண்டிருந்தாலும், கருவி அழைப்பவையும் அவை அழைப்பவையும் மட்டுமே சேர்க்கப்படும். ஆர்டுயினோ மென்பொருள் மேற்கூறிய தெரிவுகளைத் தானாகவே இடுகின்றது.

எல்லைகள்

இணைப்பி அறிவது சுட்டப்படுகின்றதா என்பதையே. உண்மையில் பயன்படுகின்றதா என்பதை அன்று. இதனால் இருவகைச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, தேவையற்றவை எஞ்சுதல். 'பிரிண்ட்எஃப்' செயற்கூறு தசம எண்களை அச்சிடும் பகுதியைச் சுட்டினால், நிரல் முழு எண்களை மட்டுமே அச்சிட்டாலும் அப்பகுதி நீங்காது. ஆகவே ஏவிஆர் சி நூலகம், தசம எண் வசதியற்ற வடிவத்தையே இயல்பாக இணைக்கின்றது. இதை அறியாதவரின் கருவி, ஈரப்பதத்தின் தசம அளவுக்குப் பதிலாக வினாக்குறியைக் காட்டும்.

இரண்டாவது, தேவையானவை நீங்குதல். குறுக்கீட்டு அட்டவணையை எந்தச் செயற்கூறும் அழைப்பதில்லை. வன்பொருளே அதனை நாடுகின்றது. இணைப்பிக் கட்டளைக் கோப்பில் அதற்குக் 'கீப்' என்னும் காப்புக் குறிப்பு இல்லையெனில், அது நீக்கப்படக்கூடும். அப்போது இணைப்பு பிழைச்செய்தி எதுவுமின்றி முடிந்தாலும், கருவி இயங்காது. 'பிரிண்ட்-ஜிசி-செக்சன்ஸ்' என்னும் தெரிவு, நீக்கப்பட்ட பிரிவுகளைப் பட்டியலிடுவதால், இத்தகைய பிழைகளைக் கண்டறிய உதவும்.

பிற கருவிகள்

மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகியவற்றின் இணைப்பிகளிலும் இவ்வசதி உண்டு. 2010இல் வெளியான ஜிசிசி 4.5 பதிப்பு, இணைப்பின்போதே முழு நிரலையும் செம்மையாக்கும் வசதியைச் சேர்த்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதிக்கான ஆதரவு, 2017இல் ஜிசிசி 7 பதிப்பில் இடம்பெற்றது. அச்செயலிகளுக்கான நிரல்களிலும் இம்முறையைக் கையாளலாம்.

இவற்றையும் பார்க்க

தொகுப்பி
இணைப்பி
நுண்கட்டுப்படுத்தி