பெயர் எழுதப்பட்ட குதிரையும் நெடுந்தீவுக் குதிரைகளும்

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் நிலைய அதிபர்களாகவும் கிளார்க்குகளாகவும் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஸ்காட் சாலையில் நிற்கும் கந்தசாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நல்லூரும் கீரிமலையும் கேட்டுப் பழகிய பெயர்கள். அதே யாழ்ப்பாணக் கடலில், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு தீவில் நூற்றுக்கணக்கான குதிரைகள் காட்டில் தாமாக வாழ்கின்றன என்பது அவர்களிலும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அந்தத் தீவு நெடுந்தீவு. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். பனைமரங்கள், முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள், உப்புக் காற்று, குறைந்த நல்ல தண்ணீர். போர்த்துக்கேயர் காலத்திலேயே இங்கே குதிரைகள் வந்துவிட்டன என்பார்கள். ஒல்லாந்தர் முறையாகப் பண்ணை வைத்து வளர்த்தார்கள். அவர்கள் கட்டிய குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். ராபர்ட் பெர்சிவல் என்ற ராணுவ அதிகாரி 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வளர்ப்பதையும், வேண்டும்போது விரட்டி மடக்கிக் கழுத்தில் சுருக்குக் கயிறு வீசிப் பிடிப்பதையும் எழுதியிருக்கிறார். பிறகு அரசு பண்ணையைக் கைவிட்டது. குதிரைகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. தலைமுறை தலைமுறையாக வறட்சியையும் முள்ளையும் தாங்கித் தாங்கி, உயரம் குறைந்த, உறுதியான மட்டக் குதிரைகளாக அவை நிலைத்திருக்கின்றன.

1810களில் இந்தத் தீவை நிர்வகித்த லெப்டினன்ட் நோலன் ஓர் அயர்லாந்துக்காரர் என்று சொல்வார்கள். அவருடைய நாட்டின் மேற்குக் கரையிலும் இதே போன்ற ஒரு மண் உண்டு. கோல்வே மாவட்டத்தின் கானமாராவில் பாறையும் சதுப்பும் அட்லாண்டிக் காற்றும்தான் நிலம். வயல்களுக்கு நடுவே சாந்தில்லாத கல்வேலிகள். அங்கும் ஒரு மட்டக் குதிரை இனம் உண்டு. 1588இல் உடைந்த ஸ்பானியப் போர்க் கப்பல்களிலிருந்து நீந்திக் கரையேறிய குதிரைகளின் வழி அது என்று ஒரு கதையும் உண்டு. ஆக இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி மண். கடல் கடந்து வந்த குதிரை என்ற கதையும் இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் கானமாராக் குதிரை இன்று உலகம் அறிந்த இனம், நெடுந்தீவுக் குதிரையையோ வெளியே பலருக்கும் தெரியாது. காரணத்தைத் தேடினால் அது ஒரு பதிவேட்டில் போய் நிற்கிறது. அந்தப் பதிவேட்டின் முதல் எண்ணில் இருக்கும் பெயர் கேனன் பால்.

கேனன் பால் 1904இல் பிறந்த சாம்பல் நிறப் பொலிகுதிரை. தந்தை டைனமைட், தந்தையின் தந்தை வேல்ஸ் இனத்தைச் சேர்ந்த பிரின்ஸ் லூவெலின். 1891இல் அமைக்கப்பட்ட அரசு வாரியம் ஒன்று மேற்கு அயர்லாந்தின் ஏழை விவசாயிகளுக்காக வெளியூர்ப் பொலிகுதிரைகளைக் கொண்டுவந்தது. அந்த முயற்சியில் கலந்த குருதிதான் இது. ஊக்டரார்ட் ஊரை அடுத்து வாழ்ந்த ஹாரி டூல் என்ற விவசாயி அவனை வளர்த்தார். ஓட்டப் பந்தயத்துக்கென்றே பொத்திப் பொத்தி வளர்த்த குதிரை அல்ல அவன். உழுதான், வண்டி இழுத்தான், சந்தைக்குப் போய்வந்தான். ஆண்டுக்கொருமுறை ஊக்டரார்டில் நடந்த விவசாயிகள் பந்தயத்தில் தொடர்ந்து 16 ஆண்டுகள் அவனே முதலில் வந்தான். பந்தயத்துக்கு முந்தைய இரவு அரை பீப்பாய் ஓட்ஸ் தின்பான் என்றும், சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டியில் டூல் தூங்கிப்போனாலும் வழி தவறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பான் என்றும் அந்த ஊரார் சொல்வார்கள். 1926இல் அவன் இறந்தபோது, மனிதருக்குச் செய்வதுபோல அக்கம்பக்கத்தார் கூடி இரவு முழுவதும் துக்கம் காத்து, விடிந்ததும் புதைத்தார்கள்.

இவ்வளவு அன்பும் ஊர் நினைவாகவே முடிந்திருக்கக் கூடும்; அப்படி ஆகாமல் தடுத்தது அந்தப் பதிவேடுதான். 1900இல் எடின்பரோப் பேராசிரியர் கோசர் யூவர்ட் கானமாராக் குதிரைகளை ஆராய்ந்து, கலப்பு பெருகினால் இந்த இனம் கரைந்துபோகும் என்று எச்சரித்திருந்தார். 1923இல் விவசாயிகளும் பாதிரியார்களும் ஆர்வலர்களும் சேர்ந்து கானமாரா குதிரை வளர்ப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகக் குதிரைகளை வரவழைத்துப் பார்த்து, தகுதியானவற்றை மட்டும் ஏட்டில் ஏற்றினார்கள். அப்போது முதல் எண் பெற்றவன் கேனன் பால். அவன் ஆண்வழி இன்றும் அந்த இனத்தின் முக்கியக் கிளைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

ஒரு பொலிகுதிரைக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு? பெட்டைக்குதிரை பதினோரு மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும். வாழ்நாள் முழுவதும் ஈன்றாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டுவது அரிது. பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் பல பெட்டைகளைச் சினையாக்கும். அதன் கால் நீளமும் குணமும் நிறமும் சில பத்தாண்டுகளில் ஒரு வட்டாரம் முழுக்கப் பரவிவிடும். குறைகளும் அப்படியே பரவும். கானமாரா இனத்தில் குளம்பின் வெளிச்சுவர் பிளந்து உரியும் ஒரு நோய் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய் தெரியும். 2015இல் ஆய்வாளர்கள் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது, தலைமுறைக் கணக்கு கையில் இருந்ததால் வளர்ப்போர் உடனே பயன்பெற முடிந்தது. பொலிகுதிரைகளைச் சோதித்து, எந்த ஜோடியைச் சேர்க்கக் கூடாது என்று இப்போது முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு இது முற்றிலும் அந்நியமான உலகம் இல்லை. இன்று இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் இடம் சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. பந்தயம் இப்போது சுங்கை பெசியில் நடக்கிறது. அங்கே ஓடும் தரோபிரெட் குதிரை ஒவ்வொன்றுக்கும் வம்ச வரிசை உண்டு. 1791இல் இங்கிலாந்தில் தொடங்கிய பொதுப் பதிவேடுவரை அதைப் பின்னோக்கி வாசித்துக்கொண்டே போகலாம். சபாவின் கோத்தா பெலுடில் பஜாவ் மக்கள் அலங்கரித்து ஏறிவரும் சிறு குதிரைகளுக்கும் ஒரு சமூகம் காவலாக நிற்கிறது.

நெடுந்தீவில் காவல் என்று வந்தது வெகு தாமதமாகத்தான். 2015இல் இலங்கை அரசு தீவின் சுமார் 1,850 ஹெக்டேர் பரப்பைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அது பெரிய படி. ஆனால் எல்லைக்கோடு போட்டுவிட்டால் தாகம் தீராது. கோடையில் குளங்கள் வற்றும்போது குதிரைகள் தண்ணீருக்கு அலைகின்றன. கடும் வறட்சி ஆண்டுகளில் பல செத்தும் விழுகின்றன. மனிதருக்கே குடிநீர் தட்டுப்பாடாக இருக்கும் தீவில், மாட்டுக்கும் குதிரைக்கும் யார் இறைத்து ஊற்றுவது என்பது உள்ளூர் மக்களை நெருக்கும் கேள்வி. அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது.

காட்டில் வாழும் குதிரைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கும். சில பெட்டைகளையும் குட்டிகளையும் ஓர் ஆண்குதிரை காத்து நிற்கும். அப்படியானால் இந்த நிமிடமே நெடுந்தீவின் வெட்டவெளியில் ஏதோ ஓர் ஆண்குதிரை, கேனன் பால் தன் இனத்துக்குச் செய்ததையே செய்துகொண்டிருக்கிறது. அதன் நிறம் எந்தக் குட்டிகளுக்குப் போயிருக்கிறது, சென்ற வறட்சியைத் தாங்கியவை எந்தத் தாயின் வழி வந்தவை என்றெல்லாம் எழுதி வைக்கத் தகுந்த காலம் இது. இருநூறு ஆண்டுகள் மனிதக் கவனிப்பு இல்லாமல் உப்பையும் வெயிலையும் வென்று நின்ற உடல்கள் அவை. எந்தப் பண்ணையிலும் விலைக்குக் கிடைக்காத தாங்குதிறன் அவற்றிடம் இருக்கிறது.

இப்படி எழுதி வைக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். குதிரையின் நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். நல்ல புகைப்படங்களைக் கொண்டே ஒரு தொடக்க ஏடு தயாரிக்கலாம். பிடரி மயிரின் வேர்கள் சிலவற்றைச் சேகரித்தால் டி.என்.ஏ. வழியாகத் தாய், தந்தை உறவைக் கண்டறியலாம். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் என்று யாழ்ப்பாணத் தொடர்பை விடாமல் வைத்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உதவுவதோடு, கோடை மாதங்களுக்கான தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அந்த முதல் ஏட்டுக்கும் கைகொடுக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்கள் சிலர், குதிரைகளை அறிந்த தீவுவாசிகளோடு ஒரு பருவம் நடந்தால் முதல் தொகுதிக்கான பெயர்கள் திரண்டுவிடும்.