சுவாலை பின்பாய்தல்

மாணவர்களே, ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்பு எரிந்துகொண்டிருக்கையில் சில வேளைகளில் ‘டப்’ என்ற ஒலி கேட்கும். குழாயின் வாயிலிருந்த சுவாலை மறைந்து, அடியிலுள்ள நுண்துளையில் எரியத் தொடங்கும். இதுவே சுவாலை பின்பாய்தல் எனப்படும். காரணத்தை விளங்கிக்கொண்டால் இதனை மனனம் செய்ய வேண்டியதில்லை.

காரணம்

1855 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் றொபேட் பன்சன் பயன்படுத்திய இவ்வடுப்பில், வாயுவானது எரிவதற்கு முன்பே வளியுடன் கலக்கின்றது. ஆகவே எரியத்தக்க கலவை குழாயினுள்ளேயே உள்ளது. இங்கு இரண்டு கதிகளைக் கவனிக்க வேண்டும்.

1. கலவை மேல்நோக்கிப் பாயும் கதி
2. சுவாலை கலவையினுள் கீழ்நோக்கிப் பரவும் கதி

இவை சமனாகும் இடத்தில் சுவாலை நிலைத்து நிற்கும். முதலாவது குறைந்தால் சுவாலை உள்ளே பாயும். வளித்துவாரம் திறந்திருக்க வாயுவைக் குறைக்கும்போது நிகழ்வது இதுவே.

மாரி காலத்தில் கோமாரிக் களப்பின் முகத்துவாரம் திறந்திருக்கும்போது நீர் கடலை நோக்கி ஓடுவதை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டம் அதிகம், கரையோரம் குறைவு. எதிர்த்து நீந்துபவர் கரையோரமாகவே முன்னேறுவார். சுவாலையும் அவ்வாறே குழாய்ச் சுவரை அண்டி உள்ளே செல்ல முயலும். எனினும் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதால் சுவரோரச் சுவாலை அணையும். 1815 இல் ஹம்பிரி டேவி, சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியதும் இத்தத்துவத்தின்படியே. குழாய் சூடேறினால் இப்பாதுகாப்புக் குறைந்துவிடும்.

சுழலும் பாய்ச்சல்

இயற்கை வாயுவால் இயங்கும் மின்நிலையங்களின் வாயுச் சுழலிகளில், கலவை சாய்வான தகடுகளினூடாகச் சுழற்றி அனுப்பப்படும். சுழலின் நடுவே அமுக்கம் குறைவதால் சூடான வாயுக்கள் திரும்பி வந்து புதிய கலவையைப் பற்றவைக்கும். இதனால் சுவாலை அணையாது. ஆனால் இத்திரும்பும் பாய்ச்சல் கலக்குங் குழாய்வரை நீண்டால், சுவாலையும் நடுவழியே உள்ளே சென்று உலோகப் பாகங்களைச் சேதப்படுத்தும்.

மெதேன்–வளிக் கலவையில் சுவாலையின் கதி ஏறத்தாழ செக்கனுக்கு 0.4 மீற்றர். ஐதரசன்–வளிக் கலவையில் அது ஏறத்தாழ 3 மீற்றர்வரை உயரும். காபனீரொட்சைட்டைக் குறைப்பதற்காக ஐதரசனை எரிக்க முயலும் பொறியியலாளருக்கு இது பெரும் சவாலாகும்.

கவனிக்க

பின்பாய்தல் நிகழ்ந்தால்:
• உடனே வாயுக் குழாய்வாயை மூடுக. அடியில் எரியும்போது தகனம் நிறைவுறாமல் நச்சுவாயுவான காபனோரொட்சைட்டு உண்டாகலாம்.
• அடுப்பின் குழாயைத் தொடாதீர். அது மிகச் சூடாக இருக்கும். இறப்பர்க் குழாயும் உருகலாம்.
• ஆறிய பின், வளித்துவாரத்தை மூடிவிட்டே மீண்டும் பற்றவைக்குக.

பயிற்சி வினா

பன்சன் சுடரடுப்பைப் பற்றவைக்கும்போது வளித்துவாரம் மூடப்பட்டிருக்க வேண்டியது ஏன்?

விடை: வளித்துவாரம் மூடியிருந்தால் குழாயினுள் வாயு மட்டுமே இருக்கும். ஒட்சிசன் இன்மையால் சுவாலை உள்ளே பரவ முடியாது.