பூனை பழி வாங்குவதில்லை

சோபாவின் முதுகில் ஈரம். துடைத்து முடிப்பதற்குள் திரைச்சீலையின் ஓரத்தில் ஈரம். சில வீடுகளில் சாமி மேடைக்குக் கீழேயே. "நேற்றுத் திட்டினேன் இல்லையா, அதற்குத்தான் பழி வாங்குது." பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரைவீடானாலும், பூனை வளர்ப்பவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். அது தவறு. பூனைக்குப் பழி தெரியாது. அது செய்வது வேறு வேலை. அந்த வேலை என்னவென்று புரிந்தால் வீட்டையும் பூனையையும் சேர்த்தே காப்பாற்றலாம்.

முதலில் பூனை நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கும் பூனை தரையில் குந்தும், நிறையப் போகும். சிறுநீரைப் பீய்ச்சும் பூனை குந்தாது. சுவரை முகர்ந்துவிட்டு முதுகைத் திருப்பி, வாலைச் செங்குத்தாகத் தூக்கும். வால் நுனி நடுங்கும், பின்கால்கள் மாறி மாறி மிதிக்கும். விழுவது கொஞ்சம்தான், அதுவும் இன்னொரு பூனையின் மூக்கு எட்டும் உயரத்தில். முன்னது கழிவு, பின்னது அறிவிப்பு. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

நாற்றத்தின் வேதியியல்

பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அதற்கு வாசனை இல்லை. காற்றுப்பட்டு அது சிதையும்போதுதான் கந்தகச் சேர்மங்கள் ஆவியாகி மூக்கைத் துளைக்கின்றன. காலையில் தெரியாத நாற்றம் மாலையில் வீட்டை நிறைப்பது இதனால்தான். ஜப்பானின் மசாவோ மியாசாகி குழுவினர், ஃபெலினின் உருவாவதைக் காக்சின் என்ற புரதம் கட்டுப்படுத்துகிறது என்று 2006இல் காட்டினர். விதை எடுக்காத கடுவன் பூனையிடம் இந்தப் புரதம் மிக அதிகம். கடுவனின் நாற்றம் தனியாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இப்படிப் பீய்ச்சுவது பூனைக் குடும்பத்தில் பரவலான பழக்கம். புலியும் மரத்தில் இப்படித்தான் பீய்ச்சும். ஒடிசாவில் வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரியின் வீட்டில் 1970களில் வளர்ந்த கைரி என்ற பெண்புலியைக் கொல்கத்தா விஞ்ஞானி ஆர். எல். பிரம்மச்சாரி கூர்ந்து கவனித்தார். பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே மூலக்கூறு புலி பீய்ச்சும் திரவத்திலும் இருப்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 1990இல் அறிவித்தார்கள். நாசி லெமாக் சோற்றில் நாம் போடும் பாண்டான் இலையின் மணமும் அந்த மூலக்கூறுதான். கோயிலில் சாத்தும் புனுகுகூட, புனுகுப்பூனை தன் எல்லையைக் குறிக்கச் சுரப்பது. ஒரு விலங்கின் அறிவிப்பு ஓரிடத்தில் நமக்கு நாற்றம், இன்னோரிடத்தில் நறுமணம். அந்த விலங்குக்கோ எப்போதும் அது செய்திதான்.

யாருக்கு அந்தச் செய்தி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு வாசற்கம்பிக் கதவும் சன்னலும்தான் உலகம். அதற்கு அப்பால் உணவுக்கடைகளின் பின்சந்தில் வளர்ந்த தெருக் கடுவன் நடந்து போகிறது. வாசலில் கிடக்கும் செருப்பு அலமாரியில் பீய்ச்சிவிட்டும் போகிறது. நாம் அந்தச் செருப்பை உள்ளே கொண்டுவருகிறோம். வெளியே போய் எதிரியைத் துரத்த முடியாத வீட்டுப்பூனை, 'இது என் இடம்' என்று கதவோரத்திலும் திரைச்சீலையிலும் பதில் எழுதுகிறது. வீடு மாறுவது, புதுச் சோபா, புதுக்குழந்தை, இன்னொரு பூனை ஆகியவையும் அதைக் கலங்கடிக்கும். கலங்கிய பூனை தன் வாசனையைப் பரப்பித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அடித்தால் கலக்கம் கூடும், பீய்ச்சுவதும் கூடும்.

செய்ய வேண்டியவை

முதல் படி மருத்துவரிடம். சிறுநீர்ப்பை அழற்சியும் கற்களும் இதே போல் ஈரத்தை உண்டாக்கலாம். ஆண்பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது நஞ்சு.

இரண்டாவது, கருத்தடை. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பருவத்துக்கு முன்பே விதை எடுத்த ஆண்பூனைகளில் சுமார் 10 விழுக்காடும், கருத்தடை செய்த பெண்பூனைகளில் 5 விழுக்காடுமே பிற்காலத்தில் பீய்ச்சின. பெண்பூனையும் பீய்ச்சும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. வளர்ந்த பூனைக்குச் செய்தாலும் பெரும்பாலும் பலன் உண்டு.

மூன்றாவது, சுத்தம். வெறும் தண்ணீரும் சோப்பும் போதாது. யூரிக் அமில உப்பு தங்கிவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவு நீர்மத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள். அமோனியா கலந்தவை சிறுநீர் வாசனையையே நினைவூட்டும். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. துடைத்த இடத்தில் உணவுக் கிண்ணத்தை வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பீய்ச்சுவது அரிது.

நான்காவது, வீட்டின் ஏற்பாடு. ஒரு பூனைக்கு இரண்டு மணல் பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. வேறு வேறு மூலைகளில். சன்னலின் கீழ்ப்பாதியில் மங்கல் தாள் ஒட்டினால் தெருப்பூனை கண்ணில் படாது. செருப்பு அலமாரியை அடிக்கடி கழுவுங்கள். ஏறி உட்கார உயரமான பலகை கொடுங்கள். பூனை கன்னத்தைத் தேய்த்த இடத்தில் பெரும்பாலும் பீய்ச்சாது. ஆகவே மென்துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியைச் சுவரில் தேய்க்கலாம். இதே கன்ன வாசனையைச் செயற்கையாகச் செய்து பரப்பும் கருவிகளும் உண்டு. இத்தனைக்கும் அடங்காத பூனைக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை இருக்கிறது.

அடிப்பது தீர்வல்ல என்பது மட்டுமல்ல, அது குற்றமும்கூட. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. பூனையைச் சந்தையருகே விட்டுவிட்டு வருவதும் தீர்வாகாது; அங்கே அது இன்னொரு வீட்டின் செருப்பு அலமாரியைத் தேடிப் போகும் தெருப்பூனையாகிவிடும்.

அடுத்த முறை ஈரத்தைக் கண்டால், துணியை எடுக்கும் முன் அந்த இடத்தில் பூனையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அங்கிருந்து எந்தச் சன்னல் தெரிகிறது, எந்தக் கதவு, யாருடைய செருப்பு? தீர்வு பெரும்பாலும் அந்தத் திசையில்தான் இருக்கும்.