இளம் பராமரிப்பாளர்களுக்கான நிதி ஓட்டம்

இளம் பராமரிப்பாளர்களுக்கான நிதி ஓட்டம் என்பது, வீட்டில் நோயுற்றவரையோ மாற்றுத்திறனாளியையோ முதியவரையோ கவனித்துக்கொள்ளும் 18 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியருக்கு உதவுவதற்காகப் பணம் திரட்டும் ஓட்ட நிகழ்ச்சியாகும். புற்றுநோய், நீரிழிவு போன்ற காரணங்களுக்கான ஓட்டங்கள் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டவை. பராமரிக்கும் குழந்தைகளுக்கென ஓடுவது பிரித்தானியாவில் வேரூன்றிய வழக்கம். இக்கட்டுரை அத்தகைய ஓட்டம் இயங்கும் முறையையும், மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரையில் அதை நடத்தும்போது கருத வேண்டியவற்றையும் விளக்குகிறது.

இளம் பராமரிப்பாளர் யார்?

வீட்டு வேலையில் கைகொடுக்கும் எல்லாக் குழந்தைகளும் இளம் பராமரிப்பாளர் அல்லர். பெரியவர் ஒருவர் ஏற்க வேண்டிய பொறுப்பு குழந்தையின் மேல் விழும்போதே இச்சொல் பொருந்தும். படுத்த படுக்கையாக இருக்கும் தாய்க்குச் சோறூட்டுவது, வேளைக்கு மாத்திரை கொடுப்பது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, மருத்துவமனை வரிசையில் நிற்பது, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவை இதில் அடங்கும்.

பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், இங்கிலாந்தில் இக்குழந்தைகளின் தேவைகளை உள்ளாட்சி அமைப்புகள் மதிப்பிட வேண்டும் என்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தில் 5 முதல் 17 வயது வரையிலான இளம் பராமரிப்பாளர்கள் சுமார் 1,20,000 பேர்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பராமரிப்பாளர்' என்பதற்கு விளக்கம் தருகிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனிக்கும் பெற்றோரும் குடும்பத்தினரும் அதில் அடங்குவர். ஆனால் அப்படிக் கவனிப்பவர் குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று அவ்விளக்கம் தனியாகக் கூறவில்லை. பள்ளிப் பதிவேட்டிலும் இக்குழந்தை 'வருகைக் குறைவு' என்ற அளவிலேயே தெரியும். காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே நிதி திரட்டுவதற்கு முன்பே, உதவி பெற வேண்டிய குழந்தைகளை அடையாளம் காணும் வேலை தொடங்க வேண்டும். வகுப்பாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோரே அவர்களை முதலில் அறியக்கூடியவர்கள்.

பணம் சேரும் முறை

நிதி ஓட்டத்தில் பணம் இரண்டு வழிகளில் சேர்கிறது. முதலாவது பதிவுக் கட்டணம். பனியன், பதக்கம், குடிநீர், முதலுதவி, ஆம்புலன்சு ஆகியவற்றுக்கே இதில் பெரும்பகுதி செலவாகிவிடும். இரண்டாவது புரவலர் முறை. ஓடுபவர் தம் உறவினர், நண்பர், அலுவலகத்தார் ஆகியோரிடம் 'நான் இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன், இந்தக் காரணத்துக்காக நன்கொடை தாருங்கள்' என்று கேட்டுப் பெறுவது அது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாதிரிக் கணக்கால் அறியலாம். 200 பேர் ஆளுக்கு 600 ரூபாய் கட்டி ஓடுவதாகவும், ஒருவருக்கு 450 ரூபாய் செலவாவதாகவும் கொண்டால் மிச்சம் 30,000 ரூபாய். அதே 200 பேரும் ஆளுக்கு ஐந்து புரவலர்களிடம் 200 ரூபாய் வீதம் பெற்றால் கூடுதலாகச் சேர்வது 2,00,000 ரூபாய். ஒரு வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், முதல் தொகை மூன்று மாதத்துக்கும் இரண்டாம் தொகை இருபது மாதத்துக்கும் வரும்.

முன்னோடிகள்

கனடாவில் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்காகக் கடக்கும் ஓட்டத்தைத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கி.மீ. ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. அவர் பெயரிலான ஓட்டங்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. 1981இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் புரவலர் முறையைப் பெரிய அளவில் பரப்பியது.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் குறிப்பிடத்தக்க முயற்சி, இலங்கையில் 2011இல் நடந்த 'டிரெயில்' நடைபயணம். தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கி.மீ. தொலைவு 27 நாள்களில் கடக்கப்பட்டது. திரண்ட நிதி யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமையப் பயன்பட்டது. தமிழ்நாட்டில் 2013 முதல் நடைபெறும் கோயம்புத்தூர் மாரத்தான், கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நிதி திரட்டுகிறது.

இவற்றுக்குப் பொதுவான ஒரு பண்பு உண்டு: பணம் எங்கே போகிறது என்பதை ஓடுபவர் ஒரே வரியில் சொல்ல முடிந்தது.

மரக்காணம் கடற்கரையில்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த பேரூராட்சி. பக்கிங்காம் கால்வாய் இப்பகுதி வரை நீள்கிறது. உப்பளங்களும் மீன்பிடிப்பும் இங்குள்ள முக்கியத் தொழில்கள். இதே மாவட்டத்து ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடந்துவருவதால், நெடுந்தூர ஓட்டம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

உப்பளத் தொழிலாளர் பலர் விடியுமுன்பே பாத்திக்குச் சென்றுவிடுகின்றனர். அந்நேரத்தில் வீட்டில் நோயாளி இருந்தால் கவனிக்க எஞ்சுவது பெரும்பாலும் குழந்தையே. உப்பு நீரில் வெறுங்காலுடன் நிற்பதால் வரும் தோல் புண்ணும், வெண்மையின் கூச்சத்தால் வரும் கண் பாதிப்பும் இத்தொழிலோடு சேர்ந்தவை. வேலை செய்தவரே நோயாளியாகும்போது வருமானமும் பராமரிப்பும் ஒருசேரக் கேள்விக்குள்ளாகின்றன. வடகிழக்குப் பருவமழையில் உற்பத்தி நிற்கும் மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது.

ஓட்டத்துக்கு ஏற்ற காலம் சனவரி, பிப்ரவரி மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உண்டு. மார்ச்சுக்குப் பின் வெயில் கடுமையாகும். நிழலே இல்லாத நிலப்பரப்பு என்பதால் காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் தேவை. உப்பு லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, உட்புறச் சாலைகளைக் காவல்துறை அனுமதியுடன் பயன்படுத்துவதே பாதுகாப்பு. பாத்தி வரப்புகளில் ஓடக்கூடாது. அவை வழுக்கும், உடைந்தால் உழைத்தவருக்கு நட்டம். அருகிலுள்ள கழுவெளி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், அப்பக்கம் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும்.

நிதியைச் செலவிடுதல்

புத்தகப்பையும் பரிசுக் கோப்பையும் இக்குழந்தைகளின் சுமையைக் குறைப்பதில்லை. அவர்களிடம் இல்லாதது நேரம். பள்ளி நேரத்தில் நோயாளியுடன் இருக்க ஒரு பெரியவர், மருத்துவமனைக்குச் செல்ல வாகனம், சக்கர நாற்காலி, மாலையில் வீட்டருகே பாடம் ஆகியவையே நேரத்தைத் திருப்பித் தருபவை.

மாலைப் பாடத்துக்கு இவ்வூர் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டுள்ளது. கொரோனாக் கால கற்றல் இழப்பை ஈடுசெய்யும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. தன்னார்வலர் குடியிருப்புக்கே வந்து கற்பித்த அம்முறை, வீட்டைவிட்டு நெடுநேரம் விலக முடியாத குழந்தைக்கும் பொருந்தும்.

அரசு ஏற்கெனவே தருவதற்கு ஓட்டப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலிநிவாரணச் சேவை ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கொடிய நோய்க்குள்ளான பெற்றோரின் குழந்தைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கவனிக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் திரட்டி அலைவதற்கு ஓர் ஆளை அமர்த்துவதே ஓட்ட நிதியின் சிறந்த பயனாக அமையலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் 1098 உதவி எண்ணும் இதற்கான வாயில்கள்.

சட்டமும் கண்ணியமும்

நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை, பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தரும் தொகைக்கே கிடைக்கும். பனியனுக்கும் பதக்கத்துக்கும் கட்டும் கட்டணம் நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் அனுப்பும் பணத்தை, 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்ற அமைப்பே ஏற்கலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை விதிக்கிறது. சட்டம் நேரடியாகப் பொருந்தாத இடத்திலும் இதே நெறி ஏற்றது. குழந்தையை மேடையேற்றினால் அவளது தாயின் நோயும் ஊரறியும். மறுநாள் அதே வகுப்பறைக்குத்தான் அவள் திரும்ப வேண்டும். விளம்பரப் பதாகையில் ஓடுபவரின் படம் போதும். பயன்பெறும் குழந்தைகளை எண்ணிக்கையாகவும், அவர்களுக்குக் கிடைத்த உதவியை மணிநேரமாகவும் ஆண்டறிக்கையில் காட்டலாம்.