ஏற்காட்டு மலையில் கேட்ட கேள்வி

மலைப் பயணம் என்றதும் பிள்ளைகளுக்கு ஏரிப் படகும் தின்பண்டமுமே நினைவுக்கு வருகின்றன. பெற்றோராகிய நாமும் பெரும்பாலும் அவற்றோடு நின்றுவிடுகிறோம். கண்ணையும் காதையும் சற்றே திறந்து வைத்தால், ஒரு நாள் பயணம் ஒரு குடும்பத்தின் வழக்கத்தையே மாற்றிவிடக் கூடும். சென்ற காலாண்டு விடுமுறையில் எங்கள் குடும்பத்திற்கு அவ்வாறே நேர்ந்தது.

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் சேலத்திலிருந்து காரில் புறப்பட்டோம். நானும் என் மனைவியும், மகனும், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும், என் தாயாருமாக ஐவர். முதலில் நாங்கள் நின்ற இடம், சேர்வராயன் மலையடிவாரத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. புள்ளிமான்களையும் கடமான்களையும் கண்டு குதித்த மகள், பறவைக் கூண்டுகளின் முன் மட்டும் மௌனமானாள்.

"அப்பா, இவை என்ன தப்புச் செய்தன? ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள்?"

நான் விளக்கினேன். நம் நாட்டில் எவரும் தம் விருப்பம்போல் உயிர்க்காட்சிச்சாலை நடத்த இயலாது. 1992-இல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். இடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றிற்கு விதிகள் உண்டு. காயமுற்றவையும், மனிதர் கையில் வளர்ந்து காட்டில் பிழைக்க வழியறியாதவையும் இத்தகைய பூங்காக்களில் அடைக்கலம் பெறுகின்றன என்றேன்.

"அப்படியானால் நம் வீட்டு மீனுவுக்கு யார் அங்கீகாரம் கொடுத்தார்கள்?" என்றாள்.

மீனு எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி. எட்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த என் தந்தையார் தெருவில் விற்றவனிடம் வாங்கியது. பகலில் தனித்திருக்கும் என் தாயாருக்கு அதுவே பேச்சுத்துணை. நான் விடை கூறவில்லை. தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னர் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஏறினோம். பாறையும் முட்புதரும் நிறைந்த இச்சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் சிறு பறவை வாழ்கிறது. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இதனை, 1845-இல் ஜெர்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் முதன்முதல் விவரித்து எழுதினார். குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படுவதாலும் புதர்கள் அழிக்கப்படுவதாலும் அழியும் ஆபத்துள்ள இனங்களுள் ஒன்றாக இன்று அது எண்ணப்படுகிறது. அகலமான ஓரிடத்தில் காரை நிறுத்தி அரைமணி நேரம் தேடினோம், காணவில்லை. பறவை பார்ப்பதில் பொறுமையே முதற்பாடம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அதற்கென விட்டுவைத்த மரங்களே பறவைகளுக்கு வீடாயின. தோட்ட வேலியோரம் செம்மீசைச் சின்னான்களை மகன் கண்டான். தலையில் கூரிய கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு. ஓடைப் பக்கம் யாரோ ஒரு சிறுவன் சோம்பலாகச் சீட்டியடிப்பது போன்ற ஒலி கேட்டது. அது சீகாரப் பூங்குயிலின் பாட்டு.

மாலையில் கிளியூர் அருவிக்குச் செல்லும் வழியில் நின்றோம். ஊரின் பெயரிலேயே கிளி இருக்கிறது. அவ்வேளையில் பத்துப் பன்னிரண்டு கிளிகள் கீச்சிட்டபடி பள்ளத்தாக்கின் குறுக்கே அம்புபோல் பறந்து மறைந்தன. தாயார் அவை மறைந்த திசையையே நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு, "எட்டு வருஷமாக அது ஒரு முழம்கூடப் பறக்கவில்லையேடா" என்றார்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றம் என்பதை அன்றிரவு அவருக்கு எடுத்துரைத்தேன். அறிந்தும் இத்தனை நாள் வாளாவிருந்தவன் நானே. உடனே கூண்டைத் திறந்துவிடலாம் என்றான் மகன். அதுவும் தவறு. நெடுநாள் அடைபட்ட பறவைக்குச் சிறகில் வலுவிராது. இரை தேடத் தெரியாது. காக்கைக்கோ பூனைக்கோ இரையாகும். ஆகவே மறுநாள் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். கூண்டைக் கொடுக்கும்போது தாயார் அழுதார். ஆனால் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

வாசக அன்பர்களே! மலைக்குச் செல்லும்போது விடியற்காலையில் நடந்து பாருங்கள். பளிச்சிடும் உடையும் உரத்த பாட்டும் வேண்டா. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். அதற்குப் பழகிய குரங்குகள் சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபடுகின்றன. பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடு கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அஞ்சாதீர்கள்.

எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஒரு மண்சட்டியில் நீரும், ஒரு தட்டில் கம்பும் இருக்கின்றன. நாள்தோறும் வைப்பவர் தாயார்தாம். மைனாவும் அணிலும் தவறாமல் வருகின்றன. சென்ற வாரம் ஒரு கிளியும் வந்து, சற்றே அமர்ந்து, பறந்து போயிற்று. அது மீனுதான் என்கிறார் தாயார். நாங்கள் மறுப்பதில்லை.