கஸ்தூரி எலுமிச்சை ஸ்கோன்: மலையில் சுட்டால் ஏன் அமுங்கிப் போகிறது?

கேமரன் மலை: இங்கு வரும் சுற்றுப்பயணிகள் பலரும் தவறவிடாத ஒன்று, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி ஒரு கோப்பைத் தேநீரும் சூடான ஸ்கோனும் சாப்பிடுவது. ஸ்ட்ராபெரி ஜாமும் கிரீமும் கூடவே வரும். அந்தத் தேநீருக்கான கொழுந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். ஸ்கோன் மட்டும் தோட்ட வீடுகளுக்கு இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். குளிருக்காக மலையேறிய வெள்ளைக்காரர்களோடு அவர்களுடைய மாலைத் தேநீர்ப் பழக்கமும் வந்து சேர்ந்தது.

இப்போது கைப்பேசியில் காணொளி பார்த்து வீட்டிலேயே ஸ்கோன் சுட முயல்வோர் உண்டு. மாவு, வெண்ணெய் எல்லாம் அளவாகப் போட்டாலும், புஸ்ஸென்று எழும்பிப் பிறகு நடுவில் அமுங்கி, வறண்டு போகிறது. வெண்ணெய் விற்கும் விலையில் ஒரு தட்டு வீணானால் மறுபடி முயல மனம் வராது. ஆனால், குற்றம் கைப்பக்குவத்தில் இல்லை. இடத்தின் உயரத்தில் இருக்கிறது.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சமவெளியைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 95 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பது அதனால்தான். ஸ்கோனில் நடப்பதும் அதே கதைதான். அழுத்தம் குறைவதால் பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே மேலெழும்பி, தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஈரமும் சீக்கிரம் ஆவியாகிறது. சமவெளிக்கு எழுதிய அளவு மலைக்கு ஒத்துவராது.

சமவெளியில் 250 கிராம் மைதாவுக்கு 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றால், மலையில் இரண்டரை போதும். பால் 150 மில்லிலிட்டர் என்றிருந்தால் மேலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேவைப்படலாம். மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆகவே பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துவது நல்லது.

புளிப்பு மணத்துக்குக் கடல் கடந்து வரும் எலுமிச்சை வேண்டியதில்லை. மீ கோரெங் தட்டின் ஓரத்தில் வெட்டி வைக்கிறார்களே, அந்தக் கஸ்தூரி எலுமிச்சையே போதும். மணம் சாற்றைவிடத் தோலின் எண்ணெயில்தான் அதிகம். எட்டுப் பத்துப் பழங்களை நன்றாகக் கழுவி, பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். சீவலை 40 கிராம் சர்க்கரையோடு விரலால் தேய்த்தால் சமையலறையே மணக்கும். சாற்றை மாவில் ஊற்றக் கூடாது. அது பேக்கிங் பவுடரோடு சேர்ந்து, ஓவனுக்குள் போகுமுன்பே வாயுவைக் கிளப்பிவிடும். அதை ஐசிங் சர்க்கரையில் குழைத்து, சுட்டெடுத்த ஸ்கோனின் தலையில் தடவலாம். சீனப் பெருநாளுக்கு வரும் ஆரஞ்சுகளின் தோலும் இப்படிப் பயன்படும்.

மாவு, பேக்கிங் பவுடர், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றில் 60 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு, பிட்டு மாவு போல உதிரியாகும்வரை பிசிற வேண்டும். பிறகு பால். ரொட்டி மாவு அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு இங்கேதான் சோதனை. பிசையப் பிசைய ஸ்கோன் கல்லாகும். ஒன்றரை அங்குலக் கனத்தில் தட்டி, வட்டமாக வெட்டி, மேலே பால் தடவி, 220 பாகையில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். கோலாலம்பூர் வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகும். நகரத்தில் இருப்பவர்கள் அதை உறைய வைத்துத் துருவிப் போடுவது வசதி. அந்தத் தொல்லை மலைவாசிகளுக்கு இல்லை.

ஓவன் இல்லாத வீடுகள் தயங்க வேண்டாம். ஸ்கோனின் பிறப்பிடமான ஸ்காட்லாந்தில் அதை முதலில் சுட்டதே அடுப்பின் மேல் வைத்த இரும்புக்கல்லில்தான். நம் வீட்டுத் தோசைக்கல் அதற்குச் சளைத்ததல்ல. அரை அங்குலக் கனத்தில் தட்டி, நான்காக வெட்டி, சிறுதீயில் மூடி போட்டுப் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வைத்தால் உள்ளே வெந்துவிடும். தீ கூடினால் வெளியே கருகி நடுவில் பச்சை மாவாக நிற்கும்.

ஸ்கோன் அன்றன்றைக்குச் சாப்பிட வேண்டிய பண்டம். மறுநாளைக்கு மீந்தால் தண்ணீர் லேசாகத் தெளித்து, அதே தோசைக்கல்லில் மூடி இரண்டு நிமிடம் சூடாக்கினால் மீண்டும் மிருதுவாகும்.